பொடுதலைக்கு ஓர் இடம்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களின் பெயர்களையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் நண்பர்கள் எங்களிடையே உண்டு. வாசற்படியருகே பூத்துக் கிடக்கும் ஒரு கொடியைக் காட்டிப் பெயர் கேட்டாலோ, 'ஏதோ களை' என்பதே விடையாக வருகிறது. எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

நாங்கள் குறிப்பிடுவது பொடுதலையை. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும் கொடி. பல்விளிம்பு கொண்ட சிற்றிலைகள். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த, விரல்நுனியளவேயான பூங்கொத்துகள். தலைப்பொடுகுக்கு இதன் சாற்றை எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம்.

இதைப் பிடுங்கிய இடத்தில் நாம் வைப்பது என்ன? சதுர அடிக் கணக்கில் விலைகொடுத்து வாங்கும் கொரியன் புல். கோடையெல்லாம் அதற்கு நீர் வார்க்க வேண்டும். அல்லது மஞ்சள் பூவுக்காக வெடிலியா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த அச்செடி, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இடம்பெற்றது. தோட்டத்தைத் தாண்டினால் ஈரநிலங்களை மூடிவிடும்.

பொடுதலையோ வேர்பிடித்தபின் குறைந்த நீரில் தாக்குப்பிடிக்கும். கால் மிதியையும் பொறுக்கும். ஜப்பானில் இதிலிருந்து உருவாக்கப்பட்ட 'குராபியா' என்னும் இரகம், நீர்ப்பஞ்சம் மிகுந்த கலிபோர்னியாவில் புல்தரைக்கு மாற்றாக நடப்படுகிறது. நமக்கு அந்த இரகம் தேவையில்லை. மூலச்செடி வரப்பிலேயே இருக்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில் கணுவுள்ள தண்டுகளைச் சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும்.

குறைகளை மறைப்பதற்கில்லை. பாத்தியின் எல்லையை மதிக்காது. ஓரங்களை அவ்வப்போது வெட்ட வேண்டும். பூக்கும் நாட்களில் தேனீக்கள் மொய்க்கும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் முற்றமெனில் கவனம் தேவை. ஆனால் அந்தத் தேனீக்களுக்காகவும், இவ்விலைகளில் முட்டையிடும் மயில் வசீகரன் என்னும் பட்டாம்பூச்சிக்காகவும்தான் நாங்கள் பரிந்து பேசுகிறோம்.

திணையும் கருப்பொருளும் பேசும் நாம், நம் வாசல் மண்ணுக்குரிய பூ எதுவென்று அறியாதிருப்பது ஒரு வாசிப்புக் குறையே என்பது எங்கள் எண்ணம். முற்றம் முழுவதும் வேண்டாம். ஒரு மூலை போதும். அடுத்த முறை களை பறிக்கக் குனிகையில், அதன் பெயரை ஒருமுறை கேட்டறிந்து பாருங்கள். பெயர் தெரிந்த செடியைப் பிடுங்கக் கை சற்றே தயங்கும்.