பிள்ளைகளின் விளையாட்டும் வாப்பாவின் பணப்பையும்



வட்டிக்கு அஞ்சிக் கடன் அட்டையே வாங்காத வீடுகள் நம்மிடையே பல உள. அத்தகைய வீட்டில் வளரும் பதினான்கு வயது மகன், விலை கொடுத்து வாங்கவேண்டிய கணினி விளையாட்டு ஒன்றின்மீது ஆசை வைத்தால் என் செய்வான்? வாப்பா உறங்கும் வேளையில் அவருடைய கைப்பேசியை எடுத்து, முன்னரே பார்த்து வைத்திருந்த யுபிஐ இரகசிய எண்ணை அழுத்திவிடுகிறான். வீட்டுக்குள்ளேயே நிகழ்வதால் இதனைத் திருட்டென்று சொல்ல நம் நா கூசுகிறது. ஆயின், அனுமதியின்றி எடுத்த பணம் தந்தையுடையதாயினும் பிறர் பொருளே என்பதில் மார்க்கத்திற்கு ஐயமில்லை.

பிள்ளையை மட்டும் கடிந்து பயனென்ன? நேரிய வழி ஒன்றை நாம் அவனுக்குக் காட்டியிருக்க வேண்டும். அவ்வழி எளிதானதே. கூகுள் பிளேயின் கிஃப்ட் கார்டை வாப்பா தம் பணத்தில் வாங்கி, அதிலுள்ள குறியீட்டைக் கொடுத்தால், மகன் அதனைத் தன் கணக்கில் பதிந்துகொள்வான். வேறு வங்கிக் கணக்கோ அட்டையோ அங்கு இணைக்கப்படாதவரை, ஐந்நூறு ரூபாய் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்திலும் இவ்வாறு முன்பணம் இட்டு வைக்கலாம். அங்கு வாங்கியது மனத்திற்கு ஒவ்வாவிடில், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருப்பின், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 13 வயது நிரம்பாதோர் அங்குக் கணக்குத் தொடங்க இயலாது.

குறியீட்டை அறிந்த கடையிலன்றி வாங்கற்க. டெலிகிராமில் பாதி விலைக்குத் தருவதாக அழைப்பவன் பணத்தைப் பெற்றபின் மறைந்துவிடக்கூடும். பிறருடைய அட்டையைத் திருடி வாங்கியதை நம் தலையில் கட்டவும் கூடும். இலவச வைரங்கள் தருவோம் என்று கடவுச்சொல்லைக் கேட்போரும் அதே கூட்டத்தாரே.

பணம் செலுத்தும் வழியைக் காட்டிலும் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது, எதனை வாங்குகிறான் என்பதை. மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டை ஒரு விலை கொடுத்து வாங்கினால் அது நம்முடையது. பொருளும் தெரியும், விலையும் தெரியும். அது நேர்மையான கொள்முதல். லூட் பாக்ஸ் எனும் மூடிய பெட்டி அத்தகையதன்று. உள்ளே கிடைப்பது வாளா, வெற்றுச் சட்டையா என்றறியாமலே பணத்தைக் கட்டவேண்டும். நினைத்தது வராவிடில் மீண்டும் கட்டவேண்டும். இன்னதென்று அறியாத பொருளை விற்பதை ஃபிக்ஹு நூல்கள் ‘கரர்’ என்கின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த வியாபாரம் அது. மத்ரஸாவில் இதற்கு நாம் கூறிவந்த எடுத்துக்காட்டு, நீரிலுள்ள மீனைப் பிடிக்கும் முன்னரே விற்பது. இன்றைய மாணவனுக்கு இந்தப் பெட்டியைக் காட்டினாலே போதும், உடனே விளங்கிவிடும்! முஸ்லிம் நாடல்லாத பெல்ஜியமே 2018-இல் சில விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. ஃபோர்ட்நைட்டில் பெற்றோர் ஒப்புதலின்றிச் சிறுவர் பணம் செலவிட இடமளித்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின்பேரில், எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித்தர 2022 டிசம்பரில் அமெரிக்காவில் உடன்பட்டது.

இன்றிரவே அந்த இரகசிய எண்ணை மாற்றிவிடுங்கள். மாதம் எவ்வளவு தொகைக்கு அட்டை, அதில் எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது என்பதை மகனையும் அருகில் இருத்திப் பேசி முடிவு செய்யுங்கள், உம்மாவும் உடனிருக்கட்டும்.