பின்பார்வைக் கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு திரை

முதலில் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு காரின் பின்பார்வைக் கண்ணாடியையும் கைக்குட்டையால் துடைத்தேன். அப்போதும் அதில் தெரிந்த வீதி ஏதோ ஒரு மங்கலோடுதான் தெரிந்தது. வாகனத்தை ஒப்படைக்க வந்திருந்த இளைஞர் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, அது கண்ணாடி இல்லை, ரீவி மாதிரி" என்றார்.

19 ஆண்டுகள் ஓட்டிய பழைய காரை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியபோது நிகழ்ந்தது இது. இலங்கையில் 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய ரீகண்டிஷன் கார்களில் ஒன்றுதான் என்னுடையது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உலகம் எவ்வளவு தூரம் ஓடிவிட்டது என்பதை என்னைப் போன்றவர்கள் சாரதி ஆசனத்தில் அமர்ந்த பிறகே அறிந்துகொள்கிறோம். எஞ்சினை இயக்கியதும், கண்ணாடி என்று நான் நினைத்த பொருள் ஒளிர்ந்தது. பின்கண்ணாடியின் மேல்விளிம்பில் பொருத்தப்பட்ட சிறிய கமரா அனுப்பும் காட்சி அதில் ஓடியது. என் முகம் தெரியவில்லை. பின்னாசனத்தில் இருந்த மனைவியும் தெரியவில்லை. எங்கள் இருவரையும் ஊடுருவிக்கொண்டு வீதி மட்டும் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலி வீதியில் போய்க்கொண்டிருந்தேன். திரையில் ஒரு தனியார் பஸ் மிகப் பெரிதாகத் தெரிந்தது. என் காரின் பின்புறத்தில் ஏறப்போகிறது என்றே எண்ணினேன். அது உண்மையில் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அறிய மீண்டும் திரையைப் பார்த்தேன். பார்வை தெளியவில்லை. நாடியைச் சற்றே உயர்த்தி மறுபடியும் பார்த்தேன். "இஞ்சருங்கோ, முன்னுக்குப் பாருங்கோ!" என்று மனைவி கத்தினார். எனக்கு முன்னால் ஒரு முச்சக்கர வண்டி ஆளை ஏற்றுவதற்காக நின்றுவிட்டிருந்தது. நான் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது இரண்டு வாகனங்களுக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். அந்த பஸ் வெகு பின்னால், சாவகாசமாக வந்துகொண்டிருந்தது.

இந்தச் சம்பவத்துக்கு நான் பொருளைக் குறைகூறவில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. பிழை எங்கே நேர்ந்தது என்பதைத் தேடியபோதுதான், நாம் பெரிதாக எண்ணிப்பாராத சில உண்மைகள் புலப்பட்டன.

சாதாரண சமதளக் கண்ணாடியில் ஒரு பொருளைப் பார்க்கும்போது நம் கண் கண்ணாடியின் பரப்பைப் பார்ப்பதில்லை. பொருள் கண்ணாடிக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, பிம்பம் அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த பாடம் இது. ஆகவே 20 மீற்றர் பின்னால் வரும் பஸ்ஸைக் கண்ணாடியில் பார்க்கும் சாரதியின் கண், 20 மீற்றருக்கு அப்பால் பார்ப்பதற்கு ஏற்றவாறே இருக்கிறது. அவர் முன்னால் வீதியைப் பார்ப்பதும் அதே நிலையில்தான். முன்னும் பின்னும் பார்வையை மாற்றும்போது கண்ணின் வில்லைக்கு வேலையே இல்லை.

திரை அப்படியன்று. படம் திரையின் மேல்தான் இருக்கிறது. அது என் முகத்திலிருந்து ஒரு கைநீளத்துக்கும் குறைவான தூரம். தொலைவில் நிலைத்திருந்த கண் சட்டென்று அருகே வரவேண்டும். மீண்டும் தொலைவுக்குப் போகவேண்டும். இருபது வயதில் இது கணப்பொழுதில் நடக்கும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு, நம் மூத்தோர் வெள்ளெழுத்து என்று பெயரிட்ட அந்தக் குறைபாடு வந்துவிடுகிறது. கண்வில்லையின் நெகிழ்வு குறைந்து, அருகே உள்ளதைக் காண இடர்ப்படுகிறோம். அதற்காக அணியும் மூக்குக்கண்ணாடியிலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் மேற்பகுதி தூரப் பார்வைக்கு, கீழ்ப்பகுதி வாசிப்பதற்கு. பின்பார்வைத் திரையோ கண்மட்டத்துக்கு மேலே தொங்குகிறது. மேலே இருக்கும் அருகாமைப் பொருளைக் கீழ்ப்பகுதியால் பார்க்க வேண்டுமானால் நாடியை உயர்த்தியே ஆகவேண்டும். அன்று காலி வீதியில் நான் செய்தது அதைத்தான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் போய்விடும். நாடியை உயர்த்தி, பார்வை தெளியக் காத்திருந்த நேரத்தில் நான் எத்தனை மீற்றர் முன்னே பாராமல் ஓடினேன் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, தூரத்தை மதிப்பிடுவது. பழைய கண்ணாடி என் முகத்தருகே இருந்தது. கமரா காரின் வாலில் இருக்கிறது. அதன் வில்லையும் காட்சியை எவ்வளவு பெரிதாக்குகிறது என்ற அமைப்பும் சேர்ந்து, பின்னால் வரும் வாகனத்தின் அளவை மாற்றிவிடுகின்றன. முப்பது ஆண்டுகளாகக் கண்ணாடியில் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் இவ்வளவு தூரம் என்று மனம் போட்டு வைத்திருந்த கணக்கு ஒரே நாளில் செல்லாமற் போய்விட்டது. கண்ணாடியில் தலையைச் சற்று அசைத்தால் மறைவில் உள்ளது தெரியும். திரையில் எத்தனை முறை தலையை அசைத்தாலும் அதே படந்தான். எல்.ஈ.டி. விளக்குகள் சில கமராவில் துடிதுடித்துத் தெரிவதும் உண்டு. ஓர் இரவு, பின்னால் ஏதோ அவசர வாகனம் வருகிறது என்று நான் பயபக்தியுடன் ஒதுங்கி வழிவிட்டேன். கடந்து போனது ஒரு மரக்கறி லொறி.

இவற்றையெல்லாம் சொல்வதால் நான் புதியன யாவற்றையும் வெறுக்கும் பழமைவாதி என்று எண்ணவேண்டாம். இன்று நாம் இயல்பானது என்று கருதும் கண்ணாடியே ஒரு காலத்தில் புதுமையாக வந்ததுதான். 1909இல் வெளிவந்த தமது நூலில், டொரத்தி லெவிற் என்ற ஆங்கிலேயப் பெண் சாரதி, வாகனமோட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை உடன் வைத்திருந்து, பின்னால் வருவதை அவ்வப்போது உயர்த்திப் பார்க்கும்படி அறிவுரை சொன்னார். 1911இல் இண்டியனாபொலிஸ் 500 மைல் ஓட்டப்போட்டியில் ரே ஹரூன் தமது காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு தனியே ஓட்டினார். மற்றவர்கள் பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்வதற்கென்று பக்கத்தில் ஒரு பொறிவினைஞரை ஏற்றியிருந்தார்கள். ஆள் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து என்று அவர்கள் முறையிட்டார்கள். ஹரூன் வென்றார். ஆனால் செங்கல் பதித்த அந்தப் பாதையில் கண்ணாடி அதிர்ந்த அதிர்வில் தமக்கு எதுவுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். புதிய கருவி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதும் அது பயன்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கமரா என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, பின்னோக்கி எடுக்கும்போது மட்டும் இயங்கும் கமரா. இதைப் பற்றி எனக்கு மறுபேச்சே இல்லை. அமெரிக்காவில் 2002இல், தந்தை பின்னோக்கி எடுத்த வாகனத்தில் அவரது இரண்டு வயது மகன் அகப்பட்டு இறந்தான். அக்குழந்தையின் பெயரிலேயே 2008இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் விளைவாக 2018 மே மாதத்திலிருந்து அங்கே புதிய கார்கள் அனைத்துக்கும் இக்கமரா கட்டாயமாயிற்று. காரின் பின்புறத்தை ஒட்டி நிற்கும் குழந்தையை எந்தக் கண்ணாடியும் காட்டாது, கமரா காட்டும்.

இரண்டாவது, என் காரில் உள்ளதுபோல் உட்புறக் கண்ணாடியின் இடத்தைப் பிடித்த திரை. இதற்கும் நன்மைகள் உண்டு. சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் திரும்பியபோது, மாம்பழப் பெட்டிகளும் பனங்கட்டிக் குட்டான்களும் முருங்கைக்காய்க் கட்டுகளுமாகப் பின்புறம் கூரைவரை நிறைந்திருந்தது. பழைய கண்ணாடியாக இருந்தால் முருங்கைக்காயைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். திரையில் வீதி முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. இரவில் பின்னால் வரும் வாகனங்களின் முன்விளக்கு கண்ணைக் கூசச் செய்யவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அடியில் உள்ள சிறு பிடியை இழுத்தால் திரை அணைந்து அது பழையபடி கண்ணாடியாகிவிடுகிறது. இந்தச் சிறு பிடியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மூன்றாவது, வெளிப்பக்கக் கண்ணாடிகளையே நீக்கிவிட்டுக் கமராக்களை வைப்பது. 46ஆம் இலக்க ஐ.நா. வாகன ஒழுங்குவிதி இதற்கு இடமளித்ததைத் தொடர்ந்து ஜப்பான் 2016இல் அனுமதித்தது. 2018 ஒக்டோபரில் லெக்சஸ் ஈ.எஸ். கார் இவ்வசதியுடன் அங்கே விற்பனைக்கு வந்தது. பின்னர் அவுடி ஈ-ட்ரோனும் ஹொண்டா ஈயும் வந்தன. சீனா 2023இல் அனுமதித்தது. அமெரிக்கா இன்னமும் வெளிக்கண்ணாடியை வலியுறுத்துகிறது. காற்றின் தடையைக் குறைத்து மின்கலத்தின் சக்தியை மிச்சப்படுத்தலாம் என்பது உற்பத்தியாளரின் முக்கியமான வாதங்களில் ஒன்று. சாரதியின் கண்ணை முதலில் வைத்து எழுந்த வாதமன்று அது. அங்கே இழுப்பதற்குப் பிடி எதுவும் இல்லை. திரை இருண்டுவிட்டால் அந்தப் பக்கமே இருண்டுவிடும். கண்ணாடியை முற்றாக அகற்றுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

என் தொழில் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. 2006 முதல் 2009 வரையான காலத்தில் கொழும்பில் பத்திரிகையாளராக இருந்தவர்களுக்குப் பின்பார்வைக் கண்ணாடி வீதி ஒழுங்குக்கான கருவியாக மட்டும் இருக்கவில்லை. 2009 ஜனவரி 8ஆம் திகதி லசந்த விக்கிரமதுங்க தமது காரை ஓட்டிக்கொண்டு அலுவலகம் செல்லும் வழியில், மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்களால் தாக்கிக் கொல்லப்பட்டார். அதற்குப் பின் பல மாதங்கள், எனக்குப் பின்னால் இருவர் அமர்ந்து வரும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் நான் கண்ணாடியில் எண்ணிக்கொண்டுதான் ஓட்டினேன். எவ்வளவு தூரத்தில் வருகிறது, நெருங்குகிறதா, நான் திரும்பும்போது அதுவும் திரும்புகிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியவேண்டியிருந்தது. தெரிந்தது. அந்தப் பழக்கம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. பார்த்த மாத்திரத்தில் விளங்காத ஒரு கருவி எவ்வளவு கூடுதலாகக் காட்டினாலும் அதை நம்ப எனக்கு நாளெடுக்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். இத்திரைகளை எதிர்க்கவேண்டியதில்லை, ஆனால் பழகாமல் வீதியில் இறங்கக்கூடாது. ஒரு காரை விற்பவர் வானொலியையும் குளிரூட்டியையும் விளக்குவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்குச் செலவிடவேண்டும். என் காரின் அமைப்புப் பட்டியல் முழுவதும் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. காட்சியைப் பெரிதாக்குவதும் வெளிச்சத்தைக் குறைப்பதும் எங்கே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான கண் பரிசோதனையில் தொலைவில் உள்ள எழுத்துகளை வாசிக்கச் சொல்கிறார்கள். வாகனத்துக்குள் திரைகள் பெருகிவிட்ட காலத்தில், கைநீளத் தூரத்தில் உள்ளதைச் சாரதியால் விரைவாகப் பார்க்க முடிகிறதா என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

என் வயதினருக்கு அனுபவத்தில் சில வார்த்தைகள். வெறுமையான ஒரு மைதானத்தில் காரை நிறுத்தி, தெரிந்தவர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை 10 மீற்றரிலும் 20 மீற்றரிலும் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியிலும் திரையிலும் மாறி மாறிப் பாருங்கள். மனத்தில் உள்ள பழைய கணக்கு அப்போதுதான் திருந்தும். பின்னால் யார் வருகிறார் என்பதைத் திரையில் பாருங்கள். எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்பதைப் பக்கக் கண்ணாடியிலும் பார்த்து உறுதிசெய்யுங்கள். அடுத்தமுறை மூக்குக்கண்ணாடி செய்விக்கும்போது இப்படி ஒரு திரை காரில் இருப்பதைக் கண் வைத்தியரிடம் கூறுங்கள். மழைக்காலத்தில் கமராவுக்கு முன்னுள்ள கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். பார்வை ஒரு கணத்தில் தெளியவில்லையென்றால் மறுபடி பார்க்காதீர்கள், பிடியை இழுத்துவிடுங்கள்.

ரொரன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தந்தைக்குப் புதிய கார் வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடிவிடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். அவர் திரையைப் பார்க்கும்போது நாடி உயர்கிறதா என்று கவனியுங்கள். தெரியவில்லை என்று அவராகச் சொல்லமாட்டார். நானும் வீட்டில் பத்து நாட்கள் சொல்லவில்லை.

இப்போது பகலில் கண்ணாடி, இரவிலும் பொதி நிறைந்த பயணங்களிலும் திரை என்று ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறேன். மனைவிக்கு இதில் பூரண திருப்தி. பின்னாசனத்தில் பேரப்பிள்ளைகள் செய்யும் குழப்படி எனக்கு மறுபடியும் தெரிகிறது என்கிறார். முன்னுக்குப் பார்க்கும்படி சொல்வதை மட்டும் அவர் இன்னும் நிறுத்தவில்லை.