ஓடுதற்கென்றே பிறந்த வண்டிகள்

‘இறைத்த கிணறு ஊறும்; இறையாத கிணறு நாறும்’ என்பது தோட்டஞ் செய்வார் நாவில் இன்றும் வழங்கும் பழமொழி. நீருக்குச் சொல்லிய இவ்வுண்மை இரும்புக்கும் பொருந்தும் என்பதை எடுத்துரைத்தலே எமது நோக்கமாகும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடி வாங்கிப் பேணுவோர் மேனாடுகளிற் பலர் உளர். அவர்கள் தம்முள் அடிக்கடி வினவிக்கொள்ளும் வினா ஒன்றுண்டு: ஆண்டில் எத்தனை முறை வண்டியை வீதிக்குக் கொண்டுவருகின்றீர்? வாரந்தோறும் என்பார் சிலர். கோடையில் மாத்திரம் என்பார் சிலர். கண்காட்சி நாளன்றி இல்லை என்பாரும் உளர். பேணுதல் என்பது யாது என்னும் பெருவினா இச்சிறு வினாவினுள் அடங்கிக் கிடக்கின்றது.

1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜகுவார் நிறுவனத்தார் தமது ‘ஈ’ வகைக் காரை ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகஞ் செய்தனர். காண வந்தோர் தொகை பெருகவே, இன்னுமொரு வண்டி வேண்டப்பட்டது. நோமன் டூயிஸ் என்னும் பரிசோதனைச் சாரதி கொவென்றி நகரிலிருந்து இரவோடிரவாக அதனைச் செலுத்திவந்து சேர்ப்பித்தார். அன்று கண்காட்சிக்கு ஓடிச்சென்ற அவ்வண்டியின் உடன்பிறப்புக்கள் பல, இன்று கண்காட்சிக்கு வேறொரு வண்டியின்மேல் ஏறிச் செல்கின்றன! இதனை முன்னேற்றம் என்பதா, தேய்வு என்பதா?

ஓடாதிருக்கும் வண்டி தேயாதிருக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். இஃது உண்மையன்று. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, தான் நிற்கும் உருளைகளை உள்ளிருந்தே அரிக்கும். கார்பரேற்றரில் நின்ற பெற்றோல் ஆவியாகிப் பிசினை விட்டுச்செல்லும். கிளச் தட்டு துருவினால் ஒட்டிக்கொள்ளும். றப்பர் வளையங்கள் உலர்ந்து வெடிக்கும். ரயர்களோ, மேற்பூட்டுத் தேயாதிருப்பினும், வயதினாலேயே வலிமை இழக்கும். பிரித்தானியாவில் 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாகப் பத்து வீதம்வரை எதனோல் கலந்த பெற்றோலே பொதுவழக்காயிற்று. அக்கலவை ஈரத்தை ஈர்ப்பது. பழைய றப்பர்க் குழாய்களுக்குத் தீங்கு செய்வது. ஆதலின் அதனைத் தாங்கியில் மாதக்கணக்காக நிற்கவிடுதல் தகாது.

இனி, வாரமொருமுறை கொட்டகையினுள்ளேயே இயந்திரத்தைச் சிறிது நேரம் இயக்கிவிட்டு, கடமை முடிந்ததென்று அமைவாரும் உளர். அவர் செய்வது நன்மையன்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாய்ப் பிறக்கின்றது. இயந்திரமும் புகைக்குழாயும் நன்கு சூடேறினாலன்றி அந்நீர் வெளியேறாது. உள்ளே தங்கித் துருவாகும். சிறிதே இயக்கி நிறுத்துதலினும் இயக்காது விடுதல் நன்று. இரண்டினும் இருபது முப்பது மைல் ஓட்டிவருதல் நன்று.

எதிர்க்கட்சியார் கூற்றையும் கேட்போம். இவை மீண்டும் செய்யப்படாதன, ஓடின் தேயும், விபத்து நேரினும் நேரும், அடுத்த தலைமுறைக்கு வைத்துச்செல்லுதலே எம் கடமை என்பர். அரும்பொருட்சாலையில் இருக்கத்தக்க ஒற்றை வண்டியொன்றின்பால் இவ்வாதம் ஒருவாறு செல்லும். ஆனால் எம்.ஜி. நிறுவனத்தாரின் ‘பி’ வகைக் கார் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேலாகச் செய்யப்பட்டது. அதற்குப் புதிய உடற்கூடு முழுமையாகவே இன்றும் வாங்கலாம். அதனைப் போர்வையால் மூடிவைத்தற்கு யாது நியாயம்? மறுபுறம், பெராரி 250 ஜி.ரி.ஓ. என்னும் பந்தயக் கார் 36 மாத்திரமே செய்யப்பட்டது. அதன் விலை இன்று கோடிக்கணக்கான டொலர். அவற்றுள் ஒன்றை 1970களில் வாங்கிய இசைக்கலைஞர் நிக் மேசன் அதனைப் பந்தயத் திடலில் ஓட்டியே வந்துள்ளார். அச்சம் வண்டியின் அருமையினாலன்று, அதனை முதலீடாகக் கருதும் மனத்தினாலேயே பிறக்கின்றது என்பது எமது துணிபு.

ஆசிரியத் தொழில் பூண்ட ஒருவரின் செய்தி இவ்விடத்து நினைக்கத்தக்கது. நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த ஏர்வ் கோர்டன் விஞ்ஞான ஆசிரியர். 1966இல் வொல்வோ பி 1800 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். அதிலேயே நாள்தோறும் பாடசாலைக்குப் போய்வந்தார். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றினார்; கைந்நூல் சொன்னபடி பேணினார். 1987இல் பத்து இலட்சம் மைல், 2002இல் இருபது இலட்சம், 2013இல் முப்பது இலட்சம் என அவ்வண்டி ஓடிற்று. 2018இல் அவர் மறையும்வரை அது அவர் கையை விட்டு நீங்கவில்லை. அவரினும் மேலாகத் தம் வண்டியைப் பேணினார் யார்?

யாழ்ப்பாணத்தாராகிய எமக்கு இஃது புதுமையன்று. ஒஸ்ரினும் மொறிசும் ஸ்போர்ட்ஸ் கார்கள் அல்ல. எனினும் 1990களில் எரிபொருட் தடை நிலவிய காலத்து, அப்பழைய கார்கள் பெற்றோற் துளிகளால் உயிர்பெற்று மண்ணெண்ணெயால் எம் வீதிகளில் ஓடின. நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன. அவற்றைக் காத்தது போர்வையன்று. தேவையும், கைவினைஞரின் அறிவுமே.

அவ்வறிவே இங்குப் பெரிதும் கருதத்தக்கது. கார்பரேற்றரின் ஒலியைக் கேட்டே பிழையறியுஞ் செவியும், பழைய கியரை ஓசையின்றி மாற்றுங் கையும் நூலினால் வருவனவல்ல. வண்டி ஓடாதாயின் தொழிலாளிக்கு வேலையில்லை. வேலையில்லையேல் மாணாக்கன் இல்லை. தந்தையின் காரில் ஒருநாளேனும் ஏறாத மகன், அதனை உரிமையாகப் பெற்றதும் விற்றுவிடுதல் வியப்பாகுமா? பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டு மே முதலாக, நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளிற் பெரும்பாலானவை ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. சோதனையின் பொருட்டேனும் வெளிவந்த வண்டிகளுக்கு அவ்வொரு காரணமும் இல்லாதொழிந்தது.

ஆதலின் நாம் கூறுவது இதுவே. ஆண்டுக்கு எத்தனை முறை எனின், குறைந்தது மாதமொருமுறை. ஒவ்வொருமுறையும் இயந்திர எண்ணெய் நன்கு சூடேறுந் தூரம். வீதியில் உப்புத் தூவும் பனிக்காலத்தை மாத்திரம் விலக்கலாம். நெடுநாள் நின்ற வண்டியாயின் முதலிற் பிறேக்கைச் சோதித்தல் வேண்டும். அருகிருக்கும் ஆசனத்தில் ஓர் இளைஞனை ஏற்றிச்செல்லுதல் வேண்டும். திரும்பி வரும்போது சாவியை அவன் கையிற் கொடுத்தல் அதனினும் வேண்டும்.