கையொப்பத்தின் விலை

விளையாட்டுச் சரித்திரம் ஒதுக்கிய பெண்களைப் பற்றிய புத்தகங்களுக்கும் இப்போது சேகரிப்பாளர்கள் வந்துவிட்டார்கள். ஆசிரியையின் கையொப்பம் இருந்தால் விலை ஏறும். படித்த அடையாளம் தெரிந்தால் இறங்கும். ஆகவே உறைக்குள் போட்டு வைக்கிறார்கள். இதை மீட்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாபி கிப் 1966இல் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண் உடலுக்கு அந்தத் தூரம் ஆகாது என்று பதில் வந்தது. புதரில் மறைந்திருந்து, கூட்டத்தோடு கலந்து, 3 மணி 21 நிமிஷத்தில் ஓடி முடித்தார். ஆண்களில் பெரும்பாலோர் அவருக்குப் பின்னால். மறு வருஷம் கேத்ரின் ஸ்விட்சர் 261 என்ற எண்ணை அணிந்து ஓடினார். அதிகாரியொருவர் அதைப் பிடுங்கப் பாய்ந்த போட்டோ உலகம் சுற்றியது. (ஸ்விட்சரின் துணிச்சலைக் குறைத்துச் சொல்வது என் உத்தேசமல்ல.) அன்றும் கிப் ஓடினார், ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி முடித்தார். எண் இல்லை, எனவே கணக்கில் இல்லை. 1966, 67, 68 வெற்றிகளைப் போட்டிச் சங்கம் ஒப்புக்கொண்டது 1996இல்.

கால்களை விட்டுக் காகிதத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். பக்கங்களை விட்டு மையைப் பார்க்கும் நம் சேகரிப்பாளர் எந்த விதத்தில் வேறு? கையொப்பமிட்ட பிரதி ஒன்று என்னிடமும் உண்டு. பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறேன். இப்போது இரவலில் இருக்கிறது.