பேஸ் மாடல் எண்டெவரை டாப் எண்ட் ஆக்கினா யாருக்கு லாபம்?

இந்தப் பதிவை ஒரு தப்பை ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். "பேஸ் மாடலா வாங்கிப் போடு, வேணும்கிறதை அப்புறம் ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம்"னு என் சித்தி பையனுக்கு யோசனை சொன்னதே நான்தான். ஆடிட்டர் அண்ணன் சொன்னா கணக்கு சரியா இருக்கும்னு அவனும் நம்பினான். அந்த யோசனைக்கு வந்த பில் நாலரை லட்சம் ரூபாய்.

தம்பிக்கு ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. வேலை. சொந்த ஊர் மரக்காணம். வாரத்துல மூணு நாள் ஆபீஸ், மிச்ச நாள் ஊர்ல இருந்தே வேலை. ரொம்ப நாள் ஆசைப்பட்டு 2023-ல ஒரு ஃபோர்டு எண்டெவர் வாங்கினான். 2016 மாடல், 3.2 லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ், 'ட்ரெண்ட்' வேரியன்ட். விலை 12.5 லட்சம். அதே வருஷத்து 'டைட்டானியம்', அதாவது டாப் எண்ட், 13.75 லட்சத்துக்குக் கிடைச்சது. ரெண்டுலயும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ். "எதுக்கு ஒன்றேகால் லட்சம் கூடுதலா? மிச்சம் பிடி"ன்னு சொன்னேன்.

எண்டெவர் நம்ம ஊர் வண்டி. ஜி.எஸ்.டி. ரோட்டுல மறைமலை நகர் தொழிற்சாலையில தயாரானது. இந்தத் தலைமுறை 2016 ஜனவரியில வந்தப்போ ஷோரூம் விலை சுமார் 25 லட்சத்துல ஆரம்பிச்சு 30 லட்சத்தைத் தொட்டுச்சு. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சது. அதனால இன்னைக்கு சந்தையில இருக்கிற ஒவ்வொரு எண்டெவரும் பழைய வண்டிதான். ஒரு காலத்துல நம்ம சம்பளத்துக்கு எட்டாத வண்டி, இப்போ ஒரு புது காம்பாக்ட் எஸ்.யூ.வி. விலைக்குக் கிடைக்குது. ஆசை வராம இருக்குமா? ஆசையில தப்பே இல்ல. தப்பு அதுக்கு அப்புறம் நாங்க போட்ட கணக்குல இருந்துச்சு.

ஒண்ணொண்ணா சேர்த்தது

தம்பி காட்டின பில்லை அப்படியே தர்றேன்.

பெரிய தொடுதிரை, கேமராவோட: 55,000
லெதர் சீட், டிரைவர் சீட்டுக்கு மோட்டார்: 60,000
பட்டன் அழுத்தினா திறக்கிற டிக்கி: 65,000
18 இன்ச் அலாய் வீல், டயரோட: 1,20,000
புரொஜெக்டர் ஹெட்லைட், எல்.இ.டி. லைட்: 45,000

மொத்தம் 3,45,000. ஒரே நாள்ல யாராவது "மூன்றரை லட்சம் எடு"ன்னு கேட்டிருந்தா துரத்தி விட்டிருப்பான். ஆறு மாசத்துல அஞ்சு தவணையா போனதால வலிக்கல. இதுல 3 லட்சம் பர்சனல் லோன். 14 சதவீத வட்டி, 36 மாசம், இ.எம்.ஐ. 10,253. முழுசா கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் சுமார் 69,000.

சன்ரூஃபும் போடலாம்னு கடைக்காரர் சொன்னாராம். நல்லவேளை, அப்போதான் எனக்கு போன் பண்ணான்.

உப்புக்காத்து வேலையைக் காட்டுச்சு

தம்பி வீட்டு மொட்டை மாடியில நின்னா உப்பளம் தெரியும். கோடையில பாத்தி எல்லாம் வெள்ளையா மின்னும், ரோட்டோரமா உப்பை அம்பாரமா குவிச்சு ஓலை போட்டு மூடியிருப்பாங்க. பார்க்க அழகு. ஆனா அந்தக் காத்துல வாசல் கேட்டே ரெண்டு வருஷத்துல பொரிஞ்சு போகும். அங்கதான் வண்டி வாரத்துல நாலு நாள் நிக்கும்.

கம்பெனியில வர்ற வயரிங்ல ஈரம் படக்கூடிய கப்ளர்களுக்கு ரப்பர் சீல் இருக்கும். வெளியில மாட்டுறப்போ பல இடங்கள்ல ஒரிஜினல் வயரைக் கீறி, புது வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டுடுவாங்க. அந்த ஜாயின்ட்டுக்குள்ள ஈரம் போகும், கூடவே உப்பும் போகும். உப்பு ஈரத்தை விடாது. செம்பு பச்சை பூக்கும். மின்சாரம் ஒழுங்கா போகாது.

ரெண்டாவது மழைக்காலம் முடியறதுக்குள்ள டிக்கி தானா திறக்க ஆரம்பிச்சது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி இ.சி.ஆர்.ல வரும்போது டாஷ்போர்டுல வரிசையா எச்சரிக்கை லைட் எரிஞ்சு வண்டி நின்னுபோச்சு. வண்டி மேல குறை இல்ல, வெட்டி ஒட்டின வயர்தான் காரணம். இந்த மாதிரி வண்டிகள்ல பல கம்ப்யூட்டர்கள் ஒரே வயர் ஜோடியில ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஒரு இடத்துல கோளாறுன்னா சம்பந்தமே இல்லாத நாலு இடத்துல லைட் எரியும். எங்க கோளாறுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ண 38,000.

இப்போ கூட்டுங்க. மாட்டினது 3,45,000. வட்டி 69,000. ரிப்பேர் 38,000. மொத்தம் 4,52,000.

விற்கப் போனப்போ

2025 நடுவுல தம்பிக்கு வேலை போச்சு. எமர்ஜென்சி ஃபண்ட்? அதுதான் அலாய் வீலா மாறியிருந்துச்சே. வண்டியை விற்க முடிவு பண்ணோம். நானும் கூடப் போனேன்.

டீலர் வண்டியைச் சுத்திப் பார்த்தார். சீட்டைத் தடவிப் பார்த்தார். தொடுதிரையை அமுக்கிப் பார்த்து "சூப்பரா இருக்கு சார்"னார். அப்புறம் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்துட்டு 9.6 லட்சம் சொன்னார். பக்கத்துலயே அதே வருஷத்து டைட்டானியம் ஒண்ணு நின்னுச்சு. அதுக்கு அவர் கொடுத்த விலை 10.6.

"இதுலயும் எல்லாம் இருக்கே சார்?"னு தம்பி கேட்டான்.

"ஆர்.சி.யில ட்ரெண்ட்னுதானே தம்பி இருக்கு. வயர் வேற கை பட்டிருக்கு."

வீட்டுக்கு வந்து சித்தப்பாகிட்ட சொன்னோம். அவர் உப்பளத்துக்காரர். ரொம்ப யோசிக்காம சொன்னார்: "வியாபாரி பாத்தி வரப்பையா பார்ப்பான்? உப்பைக் கையில அள்ளிப் பார்த்துட்டு விலை சொல்லுவான்." நான் படிச்ச சி.ஏ.வுல இதை இவ்வளவு சுருக்கமா யாரும் சொல்லித் தரல.

நான் எங்க தப்பு பண்ணேன்?

வண்டி புதுசா இருக்கும்போது பேஸுக்கும் டாப் எண்டுக்கும் சில லட்சம் வித்தியாசம் இருக்கும். வருஷம் ஆக ஆக வண்டியோட விலை இறங்குற மாதிரியே இந்த வித்தியாசமும் சுருங்கும். உதாரணத்துக்கு, புதுசுல வித்தியாசம் 4 லட்சம்னு வெச்சுக்கங்க. ஏழெட்டு வருஷத்துல வண்டி தன் விலையில பாதிக்கு மேல இழந்திருந்தா, அந்த 4 லட்சமும் ஒன்றரை, ஒன்றேகால் லட்சம்னு ஆகியிருக்கும். அதாவது அந்த வசதிகளுக்கான தேய்மானத்தை முதல் ஓனர் ஏற்கெனவே கட்டிட்டார்.

நீங்க பேஸ் வாங்கி அதே வசதிகளை வெளியில மாட்டினா, இன்னைக்கு விலையில புதுசா வாங்குறீங்க. கடையை விட்டு வெளிய வந்ததும் தேய்மானம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். இந்த முறை கட்டுறது நீங்க. பழைய வண்டி வாங்குறதுல இருக்கிற ஒரே பெரிய லாபமே "தேய்மானத்தை வேற யாரோ கட்டிட்டாங்க" என்பதுதான். அதை நாமளே கையால தூக்கிக் கொடுத்துடுறோம்.

அதனால என் கருத்து இதுதான்: பழைய லக்சுரி வண்டியில வசதி வேணும்னா, வசதியோட இருக்கிற வண்டியை வாங்குங்க. பட்ஜெட்ல இல்லையா, ஒரு வருஷம் பொறுத்து வாங்குங்க. இல்ல, பேஸ் மாடலை பேஸ் மாடலாவே சந்தோஷமா ஓட்டுங்க.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியோட அமைப்பை மாத்துறதைப் பத்திப் பேசுது. அடிப்படை அம்சம் மாறுற மாதிரி கட்டமைப்பை மாத்துறதுதான் அங்க 'மாற்றம்'. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில பதிவான விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. அதே 2019-ல வந்த சட்டத் திருத்தத்துல பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

தொடுதிரை, சீட் கவர் மாதிரி விஷயங்கள் இதுல வராது. கூரையை வெட்டி சன்ரூஃப் போடுறது வேற கதை. கூரை, வண்டி உருண்டா உங்களைக் காப்பாத்துற பாகம். அதை வெட்டாதீங்க. ஏர்பேக்கும் அப்படித்தான். சென்சார், கன்ட்ரோல் யூனிட், சீட், டாஷ்போர்டு எல்லாம் சேர்ந்து வடிவமைச்சது அது. பழைய வண்டியில இருந்து கழட்டின ஏர்பேக்கை மாட்டித் தர்றேன்னு யாராவது சொன்னா, வண்டியை எடுத்துட்டு கிளம்பிடுங்க.

இன்சூரன்ஸ்ல, வெளியில மாட்டின எலக்ட்ரிக்கல் சாமான்களோட மதிப்பை பாலிசியில தனியா காட்டணும். டாரிஃப் கணக்குப்படி மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 55,000 ரூபாய் தொடுதிரைக்கு வருஷம் 2,200, வரி தனி. காட்டலைன்னா திருட்டு, விபத்துல அதுக்குன்னு ஒரு பைசா வராது. காட்டினாலும், சாதாரண பாலிசியில பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவாங்க.

வரியிலயும் ஆறுதல் இல்ல. சொந்த உபயோகத்துக்கு வாங்கின காருக்கான கடன் வட்டியை சம்பளக்காரங்க கழிச்சுக்க முடியாது. சொந்த கார் வரிச் சட்டத்துல தனிப்பட்ட உடைமை. அதை விற்ற நஷ்டத்தை ஷேர்ல வந்த லாபத்தோட நேர் பண்ணவும் முடியாது. நஷ்டம் முழுக்க உங்களோடது.

"இப்போ உதிரிபாகத்துக்கு வரி குறைஞ்சிருக்கே"ன்னு கடையில சொல்வாங்க. உண்மைதான். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஆட்டோ பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆனா அதே நாள்ல பெரிய எஸ்.யூ.வி.க்கான வரியும் 50-லிருந்து 40 ஆச்சு. புது வண்டி விலை இறங்கினா பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும். உங்க வண்டி மேல போட்ட காசு திரும்பி வர்ற வாய்ப்பு இன்னும் குறையுது.

அப்போ எதுவுமே சேர்க்கக் கூடாதா?

சேர்க்கலாம். எல்லாச் செலவையும் முதலீடாப் பார்த்தா வாழ முடியாது. ரிவர்ஸ் கேமரா ஒரு குழந்தையைக் காப்பாத்தும். மேப் தெரியுற திரை தினமும் உதவும். காசு போடுறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்விக்கு மட்டும் பதில் எழுதிப் பாருங்க.

1. பராமரிப்பு முடிஞ்சதா? டயர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ், கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட். கடலோரம்னா அடிப்பாகத்தைத் தண்ணி அடிச்சுக் கழுவி, துரு தடுப்புப் பூச்சு. இதுக்கு அப்புறம்தான் மத்தது.

2. மொத்தச் செலவு, அதே வருஷத்து டாப் எண்ட் வண்டியோட விலை வித்தியாசத்தைத் தாண்டுதா? தாண்டினா நீங்க வாங்கியிருக்க வேண்டியது அந்த வண்டியைத்தான்.

3. வயரை வெட்டாம, கம்பெனி கப்ளர்லயே சொருக முடியுமா? முடியாதுன்னா வேண்டாம்.

4. கையில இருக்கிற காசா? கடன் வாங்கித்தான் மாட்டணும்னா அந்த வசதி உங்களுக்கு இன்னும் வரலைன்னு அர்த்தம்.

நாலுக்கும் பதில் சரியா இருந்தா தாராளமா மாட்டுங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

தம்பிக்கு நாலு மாசத்துல வேற வேலை கிடைச்சிடுச்சு. வண்டி போயிடுச்சு, 10,253 ரூபாய் இ.எம்.ஐ. மட்டும் இன்னும் போயிட்டிருக்கு. இல்லாத வண்டியோட டிக்கிக்கும் சீட்டுக்கும் 2027 வரைக்கும் கட்டணும். "அடுத்த வண்டி எடுக்கும்போது உங்ககிட்ட கேட்க மாட்டேன்ணா, அப்பாகிட்ட கேட்டுக்கிறேன்"னு சிரிக்கிறான். நியாயம்தான்.

நீங்க பழைய வண்டியில எதையாவது சேர்த்து, விற்கும்போது என்ன கிடைச்சதுன்னு எழுதுங்க. லாபக் கதையும் வரட்டும், நஷ்டக் கதையும் வரட்டும். அடுத்த வீடியோவுல கணக்கு போட்டுப் பார்ப்போம்.