வேலியும் வாக்காளர் இடாப்பும்

காணி வேலி ஒரு முழம் உள்ளே நகர்ந்துவிட்டால் நியாயஸ்தலம் ஏறத் தயங்காதவர்கள் நாம். ஆனால், பாராளுமன்றத்தில் நமக்குரிய இடம் படிப்படியாகக் குறைந்து வந்ததை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற்கு 1989இல் 11 ஆசனங்கள் இருந்தன. 2010இல் அவை 9, 2015இல் 7, 2024இல் 6. கிளிநொச்சியும் இதனுள் அடங்கும் என்பதை மறத்தலாகாது. நிலம் சுருங்கவில்லை, சுருங்கியது நாடளாவிய வாக்காளர் இடாப்பில் நம் பங்கு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 160 ஆசனங்களைப் பதிவுபெற்ற வாக்காளரின் தொகைக்கேற்பவே மாவட்டங்களுக்குப் பங்கிடுகிறது. மாகாணத்திற்கு 4 வீதம் வழங்கப்படும் 36 ஆசனங்கள் மட்டுமே அக்கணக்கிற்குப் புறம்பானவை. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் நம் வீடுகளை வெறுமையாக்கின. இடாப்பு அவ்வெறுமையைப் பதிவு செய்தது.

சோல்பரி அரசியலமைப்பின் முறை வேறு. 75,000 மக்களுக்கு ஓர் அங்கத்தவர். 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் அங்கத்தவர். மக்கள் செறிவு குறைந்த வன்னி போன்ற பகுதிகளுக்கு நிலப்பரப்பே துணைநின்றது. ஆயினும் அம்முறையிலும் அநீதி புகுந்தது. 1947இல் தம் பிரதிநிதிகளை அனுப்பிய மலையகத் தமிழர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்கிழந்து, 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலாதோராயினர். 1959இல் தொகுதிகளை மீள வகுத்தபோது அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன, வாக்குகளோ எண்ணப்படவில்லை! அவர்களின் தொகையால் விளைந்த ஆசனங்களில் பிறர் அமர்ந்தனர்.

எனவே, எல்லைக் கோடு எங்கே செல்கிறது என்பது பாதிக் கேள்வியே. யாரை எண்ணுகிறார்கள் என்பதே மறுபாதி.

வாக்காளர் யாவரும் சமம் என்ற நியதியை நாம் மறுக்கவில்லை. ஆனால், போரினால் மக்களை இழந்த மண்ணுக்கு, அவ்விழப்பின் காரணமாகவே குரலையும் குறைப்பது நீதியாகுமா? புதிய தேர்தல் முறை எது வரினும், நிலப்பரப்புக்கும் சிதறி வாழும் சிறுபான்மையோருக்கும் உரிய இடம் சட்டத்திலேயே உறுதிசெய்யப்படல் வேண்டும். எல்லை நிர்ணயத்தை முடிவின்றி விடுவதும் ஆபத்தே. மாகாண சபைத் தொகுதிகள் பற்றிய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டபின், மாகாண சபைகள் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழித்தன.

சட்டத்தை மாற்றுவது நம் கையில் மட்டும் இல்லை. இடாப்பைக் காப்பது நம் கையிலேயே உள்ளது. கமக்காரரே, ஆண்டு மீளாய்வின்போது உம் வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளையின் பெயர் உண்டா எனப் பாரும். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, மீளக்குடியேறிய அயலவரின் படிவத்தை நிரப்ப உதவுங்கள். சட்டப்படி இங்கு பதியத்தக்க ஒருவரேனும் விடுபடலாகாது.

வேலியைக் காக்கும் விழிப்பில் பாதியேனும் இடாப்பின்மீது இருக்கட்டும்!