புத்தகம் வாங்கும் முன் கண் டாக்டரைப் பாருங்கள்!

உங்கள் மகனோ மகளோ 'ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்' வேலைக்கு மனு போடப் போகிறார்களா? சந்தோஷம். நல்ல சம்பளம், மரியாதையான மத்திய அரசு நிறுவன வேலை. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகளும் இன்ஜினீயர்களும் இந்திய விமானநிலையங்கள் ஆணையத்தின் இந்தத் தேர்வை எழுதலாம்.

உடனே நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம். தடித்தடியாகப் புத்தகம் வாங்குகிறோம். ராத்திரி இரண்டு மணி வரை படிக்கட்டும் என்று ஃப்ளாஸ்க்கில் காபி போட்டு வைக்கிறோம். இந்த வரிசையே தப்பு என்பேன்.

ஏன் தெரியுமா? கம்ப்யூட்டர் தேர்வோடு விஷயம் முடிவதில்லை. அப்புறம்தான் குரல் சோதனை, போதைப்பொருள் சோதனை, மனநல மதிப்பீடு, உடல் தகுதிச் சோதனை என்று ஒவ்வொன்றாக வரும். எந்தக் கோச்சிங்கும் மாற்ற முடியாத விஷயங்கள் இவற்றில் இருக்கின்றன.

முதலாவது, நிறக்குருடு. சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாத இந்தக் குறை பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. பெண்களைவிட ஆண்களுக்கு மிக அதிகம். இருப்பதே தெரியாமல் பலர் பட்டப்படிப்பு வரை முடித்து விடுகிறார்கள். ரேடியோ பழுதானால் கோபுரத்திலிருந்து சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்கு காட்டித்தான் விமானிக்குச் சைகை தர வேண்டும். இதில் சலுகை காட்ட முடியுமா? புள்ளிப் படங்களைக் காட்டிக் கண் டாக்டர் ஐந்தே நிமிடத்தில் சொல்லி விடுவார். இரண்டு வருஷம் படித்துத் தேர்வில் ஜெயித்த பிறகு அதைக் கேட்பதைவிட, இன்றே கேட்டு வேறு வேலைக்குத் தயாராவது மேல் இல்லையா? (கண்ணாடி போட்டிருந்தால் கவலை வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும்.)

காதும் அப்படியே. இயர்போனை அலற விட்டு நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருமுறை போன செவித்திறன் திரும்பாது.

குரல் சோதனைக்கு வீட்டிலேயே பயிற்சி தரலாம். 1996 நவம்பர் 12-ல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடி உயரத்தில் இருக்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அதன் விமானிகளுக்கு ஆங்கிலம் சரியாகப் புரியாததும் விசாரணையில் பேசப்பட்டது. அதனால்தான் தெளிவான பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு. தினமும் பத்து நிமிடம் ஆங்கிலச் செய்தித்தாளை நிதானமாக, சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் எண்களைச் சொல்லுங்கள். பிள்ளை அப்படியே திருப்பிச் சொல்லட்டும். கன்ட்ரோலரும் விமானியும் தினமும் செய்வது இதைத்தான்.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து எதுவானாலும் கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள். டாக்டர் எழுதித் தந்திருந்தால் அந்தச் சீட்டைக் காட்டி முன்கூட்டியே சொல்லி விட வேண்டும்.

இன்னொன்று. 'மனநல டாக்டரைப் பார்த்ததை வெளியே சொல்லாதே' என்று சொல்லிக் கொடுக்கிற பெற்றோர் உண்டு. வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல்லட்டும். பல நூறு உயிர்களைச் சுமக்கிற நாற்காலியில் ஒரு ரகசியத்தையும் சுமந்துகொண்டு உட்கார வைப்பது நாம் செய்யும் உதவி ஆகாது.

கடைசியாக, தூக்கம். 2011-ல் வாஷிங்டன் விமானநிலையக் கோபுரத்தில், இரவில் தனியாக வேலை பார்த்த கன்ட்ரோலர் தூங்கி விட்டார். அதற்கப்புறம் அமெரிக்காவில் இரு ஷிஃப்டுகளுக்கு இடையிலான ஓய்வை எட்டு மணியிலிருந்து ஒன்பதாக்கினார்கள். 2024-ல் பத்து மணியாக்கினார்கள். அவ்வளவு பெரிய நாடே தூக்கத்தைக் கூட்டிக் கொடுக்கும்போது, நாம் ஃப்ளாஸ்க் காபியால் அதைக் குறைக்கலாமா? பத்தரை மணிக்கு டி.வி.யையும் விளக்கையும் அணையுங்கள். அந்த விஷயத்தில் பிள்ளையோடு சேர்ந்து வீடே தயாராக வேண்டும்.